பழிச்சொல்லின் இலக்கணம்

ஒரு தீங்கைப் பற்றிப் பேசுகிறவர் உண்மையில் இரண்டு தீர்ப்புகளை வழங்குகிறார். நடந்தது தீங்குதான் என்பது ஒன்று; அதற்கு இன்னார்தான் பொறுப்பு என்பது மற்றொன்று. பேச்சில் இரண்டும் பின்னிப் பிணைந்தே வருகின்றன என்றாலும், பழிக்கவும் கண்டிக்கவும் மொழி வைத்திருக்கும் வினைச்சொற்கள் ஒவ்வொன்றும் இவற்றுள் ஒன்றை வெளிப்படையாகச் சொல்லி, மற்றதை ஏற்கெனவே தீர்ந்துபோன செய்தியாக எடுத்துக்கொள்கின்றன. அப்படி எடுத்துக்கொள்ளப்படும் பகுதியை யாரும் கேள்வி கேட்பதில்லை என்பதால், பழியின் கனமான பகுதி பெரும்பாலும் அதற்குள்ளேயே தங்கிவிடுகிறது. 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தபோதும், அதன்பின் மாதக்கணக்கில் நடந்த வாதங்களின்போதும், இந்தச் சொல்லப்படாத பகுதி யார் தலையில் விழுந்தது என்பதை ஆராய்வது வெறும் மொழியியல் பயிற்சி ஆகாது. அது நீதி பற்றிய கேள்வி.

ஃபில்மோர் கண்ட வேறுபாடு

ஆங்கிலத்தில் பழிசாட்டும் சொற்களை முறையாகப் பகுத்துக் காட்டியவர்களுள் முதன்மையானவர் அமெரிக்க மொழியியலாளர் சார்லஸ் ஃபில்மோர். 1969இல் அவர் எழுதி, 1971இல் ஒரு தொகுப்பு நூலில் மீண்டும் வெளியான 'தீர்ப்பு வினைகள்' பற்றிய கட்டுரையில், 'அக்யூஸ்', 'பிளேம்', 'கிரிட்டிசைஸ்' முதலான ஆங்கில வினைகள் ஒவ்வொன்றும் ஒரு சிறு வழக்கு மன்றத்தையே தமக்குள் அடக்கியிருப்பதாக அவர் விளக்கினார். அந்த மன்றத்தில் தீர்ப்புச் சொல்கிறவர் ஒருவர், தீர்ப்புக்கு ஆளாகிறவர் ஒருவர், விசாரணைக்குரிய நிகழ்வு ஒன்று, அந்நிகழ்வால் பாதிக்கப்பட்டவர் ஒருவர் என நான்கு இடங்கள் உண்டு. 'அக்யூஸ்' என்னும் வினை, நிகழ்வு தீயது என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு, அதற்கு இவர் பொறுப்பு என்பதை வலியுறுத்துகிறது. 'கிரிட்டிசைஸ்' என்னும் வினையோ இவர்தான் செய்தார் என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு, செய்தது தவறு என்பதை வலியுறுத்துகிறது. இவ்வாறு வலியுறுத்தாமலேயே உண்மையென எடுத்துக்கொள்ளப்படும் பகுதியை மொழியியலார் முற்கோள் என்பர்.

தமிழ் இதே வேறுபாட்டைத் தன் சொந்த இலக்கணத்தாலேயே, ஆங்கிலத்தை விடவும் துலக்கமாகக் காட்டுகிறது. 'ஏரிக்கரையை வெட்டியதாகத் தலைவர் மீது குற்றம் சாட்டினார்கள்' என்னும் தொடரையும், 'ஏரிக்கரையை வெட்டியதற்காகத் தலைவரைக் கண்டித்தார்கள்' என்னும் தொடரையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் இது விளங்கும். முதல் தொடரில் வரும் 'ஆக' என்னும் ஈறு, பிறர் கூற்றை அவர்கள் கூற்றாகவே எடுத்துச் சொல்லி, அது மெய்யா பொய்யா என்பதைத் திறந்தபடி விட்டுவிடுகிறது. இரண்டாம் தொடரின் 'அதற்காக' என்னும் அமைப்போ கரை வெட்டப்பட்டதையும், வெட்டியவர் தலைவரே என்பதையும் நடந்து முடிந்த உண்மையாக நிறுத்துகிறது. இரண்டையும் எதிர்மறையாக்கினால் முற்கோள் எங்கே ஒளிந்திருக்கிறது என்பது தெரிந்துவிடும்: 'குற்றம் சாட்டவில்லை' என்றாலும் கரையை வெட்டுவது தீயது என்பது மாறுவதில்லை, 'கண்டிக்கவில்லை' என்றாலும் கரையை வெட்டியவர் தலைவர் என்பது மாறுவதில்லை. வேற்றுமையும் இதற்குத் துணை செய்கிறது. குற்றம், பழி ஆகியவற்றை ஒருவர் 'மீது' வைக்கிறோம், ஆகவே அவை அவரிடம் இன்னும் ஒட்டாதவை. 'அவரைக் கண்டித்தார்', 'அவரைச் சாடினார்', 'அவரைத் திட்டினார்' என்று இரண்டாம் வேற்றுமையில் வரும்போது, செயல் அவருடையது என்பது பெரும்பாலும் முடிந்த காரியமாகிவிடுகிறது.

பழி என்னும் சொல்லுக்கு இன்னொரு தனித்தன்மை உண்டு. குற்றத்தைச் சாட்டலாம், பின்பு மெய்ப்பிக்கவும் செய்யலாம். ஆனால் 'அவன் மேல் பழி போட்டார்கள்' என்று ஒருவர் சொல்லும்போது, அது அவனுடைய குற்றம் அன்று என்று சொல்கிறவரே கருதுகிறார் என்பது தமிழ்க் காதுக்கு உடனே பிடிபடும். பழியைப் பெற்றவனுக்கு அது இறக்கிவைக்க வேண்டிய சுமை. போட்டவனுக்கோ அது கைமாறிய பொறுப்பு. இந்த நுட்பங்களைத் தமிழ் பேசுவோர் அனைவரும் எழுத்தறிவுக்கு முன்பே கற்றுவிடுகிறார்கள் என்பதால், பொதுமேடையில் அவை குழப்பப்படும்போது அதை அறியாமையின் விளைவென்று சொல்லிவிட முடியாது.

குடித்தவர்களே எழுவாயாக

கருணாபுரம், கள்ளக்குறிச்சி நகருக்குள்ளேயே அமைந்த, அன்றாடக் கூலி வேலையை நம்பி வாழ்வோர் மிகுந்த குடியிருப்பு. 2024 ஜூன் 18 அன்று அங்கே விற்கப்பட்ட சாராயத்தைக் குடித்தவர்கள் வயிற்றுவலி, வாந்தி, பார்வை மங்கல் என அடுத்த நாள் முழுதும் மருத்துவமனைக்கு வந்துகொண்டேயிருந்தனர். கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், சேலம், விழுப்புரம், புதுச்சேரி மருத்துவமனைகளிலுமாகச் சேர்க்கப்பட்டோர் எண்ணிக்கை நூற்றைத் தாண்டியது. இறந்தவர்களுள் பெண்களும் இருந்தனர். ஜூன் 20 அன்று கோமுகி ஆற்றங்கரையில் பலரது உடல்கள் ஒன்றாக எரியூட்டப்பட்டன. சாவுகளுக்குச் சாராயம் காரணம் என்பது உறுதியாகவில்லை என்று மாவட்ட நிர்வாகம் தொடக்கத்தில் கூறியது, பின்னர் கடுமையான விமர்சனத்துக்கு உள்ளாயிற்று.

இச்சாவுகளையொட்டிச் செய்தித் தலைப்பாகத் தமிழ்நாடு முழுதும் ஒலித்த தொடர், 'கள்ளச்சாராயம் குடித்துப் பலி' என்பது. இத்தொடரைச் சற்றே நெருங்கிப் பார்த்தால், அதில் இறந்தவர்கள் எழுவாயாகவும், 'குடித்து' என்னும் வினையெச்சம் அவர்களுடைய செயலாகவும், அச்செயலே சாவின் காரணமாகவும் நிற்கின்றன. மெத்தனாலைக் கலந்தவர், கொண்டுவந்தவர், விற்றவர், விற்பனை நடப்பதைத் தெரிந்தும் வாளாவிருந்தவர் என எவருக்கும் அத்தொடரில் இடமில்லை. யாரையும் பழிக்கும் நோக்கமின்றி, இடச் சுருக்கம் கருதியே அத்தலைப்பு அமைக்கப்பட்டிருக்கும். ஆயினும் பழி, நோக்கத்தைப் பார்த்து இறங்குவதில்லை. எழுவாயைப் பார்த்தே இறங்குகிறது. உயிரிழந்தோர் குடும்பங்களுக்கு அரசு தலா 10 லட்சம் ரூபாய் அறிவித்தபோது, 'குடித்துச் செத்தவர்களுக்கு எதற்குப் பத்து லட்சம்' என்னும் கேள்வி தெருவெங்கும் எழுந்ததும், அந்த இழப்பீட்டை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் பொதுநல மனு தாக்கலானதும், அத்தொடரின் முற்கோளைச் சமூகம் எவ்வளவு எளிதாக ஏற்றுக்கொண்டது என்பதற்குச் சான்று. அரசுப் பணத்தை எப்படிச் செலவிடுவது என்பது நியாயமான விவாதம்தான். ஆனால் 'குடித்துச் செத்தவர்கள்' என்னும் பெயரோடு தொடங்கும் விவாதத்தில், பொறுப்பு யாருடையது என்னும் கேள்வி கேட்கப்படுவதற்கு முன்பே விடை சொல்லப்பட்டுவிடுகிறது.

ஃபில்மோரின் கட்டுரை தொகுப்பு நூலில் வெளியான அதே 1971ஆம் ஆண்டில், அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ரயன், பாதிக்கப்பட்டவர் மீதே பழியைப் போடும் போக்கைத் தலைப்பாகவே கொண்டு ஒரு நூலை வெளியிட்டார். வறுமைக்கு வறியவரின் குடும்ப அமைப்பும் பழக்கவழக்கங்களுமே காரணம் எனக் காட்டும் ஆய்வுகள், வெளிப்பார்வைக்கு இரக்கம் மிகுந்தவையாகத் தோன்றினாலும், அந்த வறுமையை உண்டாக்கும் அமைப்பை விசாரணைக்கு வெளியே நிறுத்திவிடுகின்றன என்பது அவர் வாதம். குடிப்பழக்கத்தால் குடும்பங்கள் சீரழிவதைப் பற்றிக் கருணாபுரத்துப் பெண்களுக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் குடிப்பழக்கம் என்னும் குறையும், நஞ்சை மதுவென்று விற்ற குற்றமும் வேறு வேறு. முன்னதைச் சொல்லிப் பின்னதை மறைப்பது, இறந்தவர் மீது பழி போடுவதே ஆகும்.

கள்ளச்சாராயமா, விஷச்சாராயமா

2023 மே மாதம் விழுப்புரம் மாவட்டம் மரக்காணத்தை அடுத்தும், செங்கல்பட்டு மாவட்டத்திலும் இதேபோன்ற சாவுகள் நேர்ந்தபோது, அன்றைய காவல்துறைத் தலைமை இயக்குநர் சைலேந்திர பாபு, குடிக்கப்பட்டது கள்ளச்சாராயம் அன்று, ஆலைகளில் பயன்படும் மெத்தனால் என்னும் விஷச்சாராயம் என்று விளக்கமளித்தார். காவல்துறையின் மேல் வரும் பழியை இலேசாக்கும் முயற்சி என அப்போது அது விமர்சிக்கப்பட்டாலும், வேதியியல் நோக்கில் அவ்வேறுபாடு முற்றிலும் சரியானது. வெல்லத்தைப் புளிக்கவைத்துக் காய்ச்சுவதால் கிடைப்பது முதன்மையாக எத்தனால். கொல்லும் அளவுக்கு மெத்தனால் அதில் உருவாவதில்லை. பெயிண்ட், பசை, கரைப்பான் முதலியவற்றைத் தயாரிக்கும் தொழில்களுக்காக ஆலைகளில் செய்யப்படும் மெத்தனாலோ, உடலுக்குள் சென்றதும் ஃபார்மால்டிஹைடாகவும் பின்பு ஃபார்மிக் அமிலமாகவும் மாறி, பார்வை நரம்பைச் சிதைத்து, 30 மில்லிலிட்டர் அளவிலேயே உயிரைப் பறிக்கக்கூடியது. அதை வைத்திருக்கவும் விற்கவும் உரிமம் வேண்டும் என்று தமிழ்நாட்டில் 1959 முதல் தனி விதிகளே உள்ளன.

இரு சொற்களும் இரு வேறு திசைகளில் விரலை நீட்டுகின்றன. 'கள்ளச்சாராயம்' என்னும்போது தீங்கு சட்டமீறலில் இருக்கிறது. பொறுப்பு காய்ச்சுகிறவரிடமும் குடிக்கிறவரிடமும் போய்ச் சேர்கிறது. 'விஷச்சாராயம்' என்னும்போது தீங்கு நஞ்சில் இருக்கிறது. அந்நஞ்சு எந்த ஆலையிலிருந்து, யார் உரிமத்தின் கீழ், எந்தக் கிடங்கு வழியாக வெளியேறியது என்னும் கேள்வி தவிர்க்க முடியாததாகிறது. கருணாபுரம் வழக்கில் குற்றப்பிரிவு குற்றப் புலனாய்வுத் துறை கள்ளக்குறிச்சிக்கு வெளியிலிருந்தும் பலரைக் கைதுசெய்தது, விசாரணை இந்த இரண்டாம் திசையில்தான் நகர வேண்டியிருந்தது என்பதைக் காட்டுகிறது. பொதுப் பேச்சில் நிலைத்ததோ முதற்சொல்லே.

மலை மீது ஏறிய பழி

அந்தச் சொல் நிலைத்ததன் விலையைக் கொடுத்தவர்கள் கல்வராயன்மலை மக்கள். கள்ளக்குறிச்சிக்கு மேற்கே, கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாக, கள்ளக்குறிச்சி, சேலம் மாவட்டங்களில் பரந்து கிடக்கும் இம்மலையில் பெரும்பான்மையாக வாழ்பவர்கள் மலையாளி என்னும் பழங்குடியினர். இப்பெயருக்கு மலையில் வாழ்வோர் என்பதே பொருள். கேரளத்தோடு அதற்குத் தொடர்பில்லை. காஞ்சிபுரத்திலிருந்து மலையேறியவர்கள் தங்கள் முன்னோர் என்பதே அவர்களது மரபுக் கதை. சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், அரியக் கவுண்டன் எனப்பட்ட மூன்று ஜாகீர்தாரர்களின் ஆளுகையில் இம்மலை 1976 வரை இருந்தது. நாடு விடுதலை பெற்றுக் கால் நூற்றாண்டுக்கு மேலாகியும் இம்மக்கள் அரசை நேரடியாகக் கண்டதில்லை.

இம்மலையில் சாராயம் காய்ச்சப்படுகிறது என்பது மறைக்க வேண்டிய செய்தி அன்று. ஓடை நீரும், வெளியார் எளிதில் எட்ட முடியாத காடும், வானம் பார்த்த விவசாயத்தைத் தவிர வேறு வருவாய் இல்லாத நிலையும், சமவெளியிலிருந்து வெல்லத்தையும் முன்பணத்தையும் அனுப்பும் வியாபாரிகளும் சேர்ந்து அதை ஒரு தொழிலாக்கியிருக்கின்றனர். அதனால் மலைக் குடும்பங்களே நலிந்திருக்கின்றன. ஆனால் கருணாபுரத்தில் கொன்றது மெத்தனால். அதை எந்த மலை அடுப்பிலும் காய்ச்ச முடியாது. அப்படியிருந்தும் சாவுச் செய்தி வந்த சில நாள்களிலேயே மலை முழுதும் காவல்துறையின் சாராய வேட்டை தீவிரமாயிற்று. ஊறல் பேரல்கள் உடைக்கப்படும் படங்கள் நாளிதழ்களை நிறைத்தன. சட்டவிரோதக் காய்ச்சலைத் தடுப்பது காவல்துறையின் கடமை என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஒரு குறிப்பிட்ட நஞ்சால் நேர்ந்த சாவுகளுக்கு விடையாக அப்படங்கள் காட்டப்பட்டபோது, அங்கே வெளிப்படையான குற்றச்சாட்டு எதுவும் மலை மக்கள் மீது வைக்கப்படவில்லை; வைக்கப்பட்டிருந்தால் அதை அவர்கள் மறுத்திருக்க முடியும். மலையும் சாராயமும் ஒரே படத்தில் நின்றன. மிச்சத்தைப் படிப்பவரின் முற்கோள் செய்துமுடித்தது.

இது இம்மக்களுக்குப் புதிதன்று. 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலக் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்ட தமிழ்நாட்டைச் சேர்ந்த 20 பேருள் பலர், இதே மலையாளிப் பழங்குடியினர் வாழும் ஜவ்வாது மலை, சித்தேரி மலை போன்ற பகுதிகளைச் சேர்ந்தவர்கள். 2018 பிப்ரவரியில் கடப்பை மாவட்டம் ஒண்டிமிட்டா ஏரியில் மீட்கப்பட்ட 5 உடல்கள் சேலம் மாவட்டக் கல்வராயன்மலைப் பகுதி ஆண்களுடையவை. கூலிக்கு மரம் வெட்டப் போனவர்களைச் 'செம்மரக் கடத்தல்காரர்கள்' என்று குறித்த ஒரே சொல், செயலையும் நோக்கத்தையும் ஆதாயத்தையும் சேர்த்து அவர்கள் பெயரில் எழுதிவிட்டது. வெட்டியவருக்குக் கிடைத்தது கூலி. கடத்தலின் ஆதாயம் வேறு கைகளுக்குச் சென்றது. ஒரு வினையைச் சாட்டினால் மறுக்கலாம். ஒருவரையே அவ்வினையின் பெயரால் அழைத்துவிட்டால் மறுப்பதற்கு இடமே இல்லாமற் போகிறது. பிறப்பாலேயே சில சமூகங்களைக் குற்றப் பரம்பரையாக்கிய 1871ஆம் ஆண்டுச் சட்டம் ஒழிந்து எழுபது ஆண்டுகளுக்கு மேலாயின. அதன் இலக்கணம் இன்னும் ஒழியவில்லை.

கண்டனமும் பொறுப்பும்

ஏழைகள் மீது பழி இவ்வாறு ஓசையின்றி இறங்க, அதிகாரம் உள்ளோரைக் குறித்த பேச்சு மிகுந்த ஓசையோடு நடந்தது. எதிர்க்கட்சித் தலைவர் எடப்பாடி பழனிசாமி, முதலமைச்சர் பொறுப்பேற்றுப் பதவி விலக வேண்டும் என்றார். சட்டப்பேரவையில் அமளியும் வெளியேற்றமும் நிகழ்ந்தன. மாவட்ட ஆட்சியர் மாற்றப்பட்டார். காவல் கண்காணிப்பாளர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். ஓய்வுபெற்ற நீதிபதி கோகுல்தாஸ் தலைமையில் ஒருநபர் ஆணையம் அமைந்தது. கட்சிகள் அனைத்தும் 'வன்மையாகக் கண்டித்தன'.

கண்டனம் என்னும் சொல் அரசு அலுவலகத்தில் எடையுள்ளது. தமிழ்நாடு அரசு ஊழியர் ஒழுங்கு நடவடிக்கை விதிகளில் கண்டனம் ஒரு தண்டனை. சிறு தண்டனையே ஆயினும், 17(அ) விதியின் கீழ் விளக்கம் கேட்டு, விளக்கத்தைப் பரிசீலித்த பிறகே அதை வழங்க முடியும். பெருந்தண்டனைக்குரிய 17(ஆ) குறிப்பாணையில் குற்றச்சாட்டுகள் தனித்தனியே வரையப்பட்டு, சான்றுகள் பட்டியலிடப்பட வேண்டும். ஆனால் இடமாற்றமும், விசாரணையை முன்னிட்டுச் செய்யப்படும் பணியிடை நீக்கமும் தண்டனைகளே அல்ல. பின்னது விசாரணைக்கு வழிவிடும் ஏற்பாடு மட்டுமே. செய்தி கேட்கும் பொதுமக்களுக்கோ இவ்விரண்டுமே தீர்ப்பாகத் தோன்றுகின்றன. எனவே இன்ன அதிகாரி இன்ன கடமையில் தவறினார் என்னும் குற்றச்சாட்டு வாக்கியம் எழுதப்படுவதற்கு முன்பே, கணக்குத் தீர்ந்துவிட்டது என்னும் உணர்வு பரவிவிடுகிறது. அரசியல் கண்டனத்திலும் இதே குறை உண்டு. அது, ஃபில்மோரின் பகுப்புப்படி, பொறுப்பை முற்கோளாக எடுத்துக்கொண்டு தீமையை மட்டும் வலியுறுத்துவது. அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தது தீமை என்பதை மறுப்பவர் எவருமில்லாத இடத்தில் அதையே உரக்கச் சொல்வதும், எவர் எந்தக் கட்டத்தில் எதைச் செய்யாமல் விட்டார் என்னும் தேவையான கேள்வியைச் சொல்லாமல் விடுவதும் கண்டனத்தைச் சடங்காக்கிவிடுகின்றன.

நீதிமன்றத்தின் தொடரமைப்பு

முற்கோளுக்கு இடங்கொடாத பழிமொழி ஒன்று உண்டென்றால் அது குற்றச்சாட்டு வனைவு. 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 211, 212 பிரிவுகளும், 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு வந்த புதிய சட்டத்தின் இணையான பிரிவுகளும், குற்றத்தின் பெயர், அது மீறிய சட்டப்பிரிவு, நடந்த காலம், இடம், பாதிக்கப்பட்டவர் ஆகியவற்றைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு விளங்கும்படி எழுத வேண்டும் என்கின்றன. அன்றாடப் பேச்சு மறைத்துவைக்கும் ஒவ்வொன்றையும் சட்டம் வெளியே எடுத்து வைக்கச் சொல்கிறது. மறுக்கும் உரிமை அதிலிருந்துதான் பிறக்கிறது. 'குற்றம் சாட்டப்பட்டவர்' என்னும் நீண்ட தொடரைச் சுருக்கிக் 'குற்றவாளி' என்று எழுதும் வழக்கம் அந்த உரிமையைப் பறிக்கிறது. 2022 ஜூலையில் சின்னசேலம் அருகே கனியாமூரில் ஒரு மாணவி இறந்ததை அடுத்து, விசாரணை முடியும் முன்பே காணொளிகளும் குறுஞ்செய்திகளும் பழியைப் பங்கிட்டு, ஜூலை 17 அன்று அது கலவரமாக வெடித்ததைக் கண்ட மாவட்டத்துக்கு இதன் விலை நன்றாகத் தெரியும்.

கருணாபுரம் வழக்கை 2024 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் மத்தியப் புலனாய்வுத் துறைக்கு மாற்றியது. அதை எதிர்த்த மாநில அரசின் மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் டிசம்பரில் தள்ளுபடி செய்தது. மொழி நோக்கில் இதனினும் கவனிக்கத்தக்க நிகழ்வு அதே ஆண்டு ஜூலையில் நடந்தது. உயர் நீதிமன்றத்தின் நீதிபதிகள் எஸ்.எம்.சுப்பிரமணியம், சி.குமரப்பன் அமர்வு, கல்வராயன்மலை மக்களின் வாழ்நிலை குறித்துத் தாமாக முன்வந்து வழக்கெடுத்து, சாலை, பள்ளி, மருத்துவம், வேலைவாய்ப்பு ஆகியவற்றில் அரசு செய்தது என்ன என்று கேட்டது. மலை மக்கள் ஏன் காய்ச்சுகிறார்கள் என்று கேட்கப்பட்டுவந்த இடத்தில், அவர்களுக்குச் செய்ய வேண்டியதை யார் செய்யவில்லை என்னும் கேள்வி வந்தது. அதுவரை தீர்ப்புக்கு ஆளாகும் இடத்திலேயே நிறுத்தப்பட்டிருந்தவர்கள், பாதிக்கப்பட்டவரின் இடத்துக்கு முறைப்படி வந்தார்கள்.

இடித்துரைக்கும் கடமை

இவற்றையெல்லாம் காட்டிப் பழிசொல்வதையே விட்டுவிட வேண்டும் என்று வாதிடுவது தவறு. பெர்ட்ராம் மால்லே முதலான உளவியலாளர்கள் 2014இல் முன்வைத்த கோட்பாட்டின்படி, பழி என்பது காரணம், நோக்கம், தடுக்கும் கடமை, தடுக்கும் ஆற்றல் ஆகியவற்றை எடைபோட்டு வழங்கப்படும் சமூகத் தீர்ப்பு; சான்று கேட்டால் காட்ட வேண்டிய கடப்பாடும் அதில் அடங்கியிருக்கிறது. தமிழ் மரபும் இதற்கு அந்நியமன்று. புறங்கூறலைத் திருக்குறள் ஓர் அதிகாரம் முழுதும் கடிகிறது; ஆனால் நட்பின் கடமைகளுள் ஒன்றாகவும், அரசனைச் சூழ்ந்திருக்கும் பெரியோரின் தகுதியாகவும் இடித்துரைத்தலை வைக்கிறது. புறங்கூறல் கேட்க வேண்டியவர் இல்லாத இடத்தில் பேசப்படுவது. இடித்துரைத்தல் அவர் முகத்துக்கு நேரே, மறுமொழி சொல்ல வாய்ப்பளித்துப் பேசப்படுவது. கருணாபுரத்து ஏழைகளைப் பற்றியும் கல்வராயன்மலை மக்களைப் பற்றியும் பேசப்பட்டவற்றில் பெரும்பகுதி முதல் வகை. உரிமம் வழங்கியோர், கிடங்கைச் சோதிக்க வேண்டியோர், விற்பனையைத் தெரிந்தும் தடுக்காதோர் ஆகியோரிடம் பேசப்பட வேண்டியது இரண்டாம் வகை.

ஆகவே செய்தியாளரும் அதிகாரியும் அரசியலாளரும் வாசகரும் தம் ஒவ்வொரு பழிச்சொல்லிடமும் மூன்று கேள்விகளைக் கேட்டாக வேண்டும். இச்சொல் எதை வெளிப்படையாகச் சொல்கிறது, எதைச் சொல்லாமலே ஏற்கச் செய்கிறது, அப்படி ஏற்கச் செய்யப்படும் பகுதிக்கு உரியவர் மறுமொழி சொல்லும் இடத்தில் இருக்கிறாரா? 'மெத்தனால் கலந்த சாராயத்தை விற்றதில் இத்தனை பேர் சாவு' என்று எழுதுவதற்கு இரண்டொரு சொற்கள் கூடுதலாகத் தேவைப்படும். அந்தச் சொற்களால் விற்றவர் தொடருக்குள் வருகிறார், இறந்தவர் குற்றவாளிக் கூண்டிலிருந்து இறங்குகிறார். கடமை தவறிய அதிகாரியைக் கண்டிக்கிறவர், தவறிய கடமையின் பெயரையும் நாளையும் சேர்த்துச் சொன்னால், அக்கண்டனத்துக்கு விடையளிக்காமல் அரசு தப்ப முடியாது. பழியைச் சரியான இடத்தில் வைக்கத் தெரிந்த சமூகமே அடுத்த சாவைத் தடுக்க முடியும். மரக்காணத்துக்கு ஓராண்டு கழித்துக் கருணாபுரம் நேர்ந்தது, முதல் சாவுகளின் பொறுப்பு உரிய இடத்தில் உறைக்கும்படி வைக்கப்படவில்லை என்பதை உணர்த்துகிறது.